நீலத் தண்ணீர் குடித்த குஞ்சுகள்

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "சாயங்காலத் தண்ணீரில் மாமா வெள்ளைப் பொடி ஒன்றும் கலந்தார்."

சொல்ல இடம் இருந்தது. குஞ்சு ஷெட்டில் நாங்கள் தண்ணீர்த் தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்தது. கையெல்லாம் உமித் தூசி என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். பேசியவர் டாக்டர் அல்போன்ஸ், தடுப்பு மருந்துக் கம்பெனியின் கால்நடை மருத்துவர். தூத்துக்குடிக்காரர்.

"குஞ்செல்லாம் சொகமா இருக்கா அண்ணாச்சி? தண்ணியில வேற மருந்து எதுவும் கலக்கலேல்லா?"

"ஒண்ணும் இல்லீங் டாக்டர். வெல்லத் தண்ணிதான் வெச்சேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காலடியில் வாய் கிழித்த பாக்கெட் கிடந்தது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. நான் குனிந்து அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

என் அக்கா சுகன்யாவின் கணவர் இவர். லோகநாதன். பொய் பேசி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன் லாரி ஓட்டியபோது சாப்பிட்ட ஊர்ச் சாப்பாட்டைக்கூட மிகைப்படுத்தாமல் சொல்கிறவர். அதனால்தான் வியப்பாக இருக்கிறது. ஒரு பாக்கெட் பொடிக்கு எதற்கு ஒரு பொய்?

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். விடியும்போதே பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் வந்துவிட்டன. ஆடி மாதத்தில் இங்கே யாரும் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டார்கள். ஓடு உடைத்து வெளியே வரும் குஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது. ஐயாயிரம் குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தின. பயணத் தாகம். அந்தத் தாகத்தைத்தான் டாக்டர் பயன்படுத்திக்கொண்டார். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரில் கரைத்தார். முதல் தண்ணீரே மருந்துத் தண்ணீராக இருக்க வேண்டுமாம். கூடவே பால் பவுடரும் ஒரு நீல மாத்திரையும்.

"பொறந்த எங்கொழந்தைக்கே இன்னும் பால் பவுடர் வாங்கல, இதுங்களுக்கு வந்துருச்சு பாரு," என்றார் மாமா.

குஞ்சுகள் அலகை முக்கி, தலையை மேலே தூக்கி, விழுங்கின. ஒரு மணி நேரம் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றுக்கும் நாக்கு நீலம். குடித்ததற்கு அதுதான் சாட்சி. இனித் தண்ணீரில் வேறு மருந்து எதுவும் கலக்கக் கூடாது என்றார் டாக்டர்.

ஷெட்டில் வேலை பார்க்கும் பாப்பாத்தியக்கா ஒரு குஞ்சை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏனுங் டாக்டரே, நாவப்பழம் தின்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைகளாட்டம் இருக்குதுங்களே!" என்றாள்.

இந்தத் தடுப்பு மருந்து சால்மோனெல்லா என்ற கிருமிக்கு எதிரானது. போன தடவை அதுதான் இந்த வீட்டைக் கவிழ்த்தது. முதல் வாரத்திலேயே குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டு, வாலடியில் எச்சம் ஒட்டிச் செத்தன. பிழைத்தவை வளர்ந்து முட்டையிட்டபோது, முட்டைப் பவுடர் ஆலைக்காரர்கள் சோதித்துப் பார்த்து எடுக்க மறுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை மட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கோழிகள் முட்டைக்கு வரும்போது அந்தக் கிருமி இருந்தால் பண்ணையை மூட வேண்டியதுதான். மாமா மறுபடி வடக்கே லாரி ஓட்டப் போவார், மாதக்கணக்கில் வரமாட்டார். ராசிபுரம் லாரிக்காரர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்காவின் மடியில் ஒரு மாதக் குழந்தை.

ஆகஸ்ட் 7

இன்றும் பொடி போட்டார். நான் பார்த்ததை இன்று அவரும் பார்த்தார். "சத்து மருந்து" என்றார். நான் கேட்கவே இல்லை.

மத்தியானம் டாக்டருக்குக் குஞ்சுகளின் படம் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு, ஏன் வேறு மருந்து சேர்க்கக் கூடாது என்று கேட்டேன். உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, நாம குடுத்தது செத்த மருந்து இல்ல கேட்டியளா. உசுரோட இருக்கிற கிருமி. அதே சால்மோனெல்லாதான், பல்லப் புடுங்கி விட்டிருக்கு. நீங்க பஸ்ல ஏறுமுன்ன சன்னல் வழியா சீட்டுல துண்டு போடுவீங்கல்லா?"

"போடுவோம்."

"அதான். குஞ்சு வயிறு மொத வாரம் காலி பஸ். நம்ம கிருமி முன்னால ஏறி எல்லா சீட்டுலயும் துண்டு போட்டுரும். பொறவு பொல்லாத கிருமி ஏறினா உக்கார எடம் இருக்காது. இவன் மொகத்தப் பாத்தே உடம்பும் சண்டைக்குப் பழகிக்கும். ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்கன்னா? துண்டு போட்ட நம்மாளும் செத்துப் போவான். பஸ்ஸு மறுபடி காலி."

அவர் வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு வந்ததால் வைத்துவிட்டார். கல்யாணமாகி மூன்று மாதமாம்.

அதன் பிறகு வெகுநேரம் நான் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலமாகக் கிருமி என்றால் விரட்ட வேண்டியது என்றுதான் படித்திருக்கிறேன். ஒரு பிராணியைக் காப்பாற்ற அதன் வயிற்றுக்குள் கிருமியைக் குடியேற்றுவதும், அந்தக் கிருமி நலமாக இருக்கிறதா என்று கவலைப்படுவதும் புதிய யோசனைகள். கொண்டுவந்திருக்கும் ரஷ்ய நாவலில் நூறு பக்கம் தாண்டியிருந்தேன். இன்று திறக்கவில்லை.

குப்பைக் கூடையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். சத்து மருந்து இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்றும் சொல்லவில்லை. பொடி நேற்றோடு நின்றுவிட்டது. அதையே ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். தங்க வந்த வீட்டில், வீட்டுக்காரரை வெளியாளிடம் காட்டிக்கொடுப்பது எப்படி? அம்மா இல்லாததால் அக்காவின் பேறுகாலத்துக்கு வந்தவள் நான். என் வேலை குழந்தைக்குத் துணி துவைப்பது.

டாக்டர் வந்தார். மாமா தீவனம் எடுக்கப் போயிருந்தார். ரப்பர் செருப்பின் மேல் ஈரத் துணி உறையை மாட்டிக்கொண்டு ஷெட் முழுக்க நடக்கச் சொன்னார். உறையில் ஒட்டும் எச்சத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்களாம். குஞ்சுகள் என் காலைச் சுற்றி வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டன. தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது.

"எதைத் தேடறாங்க டாக்டர்?"

"நம்மாளத்தான். துண்டு போட்டவன் சீட்டுல இருக்கானா இல்லியான்னு. அவனுக்கு அடையாளம் உண்டு, பொல்லாதவன்கிட்ட இருந்து பிரிச்சுச் சொல்லிருவாங்க. குடிச்ச குஞ்சு எச்சத்துல இந்நேரம் அவன் வந்தே ஆவணும்."

ஆகஸ்ட் 10

அப்பா போன். கரூரில் வீட்டுக்கு யாரோ வந்து என்னைப் பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம், நான் எப்போது வருகிறேன் என்று கேட்டார். அக்காவுக்கு இன்னும் ஓய்வு தேவை, இப்போது கிளம்ப முடியாது என்று சொன்னேன். அடுப்படியில் கிரைண்டர் போட்டு மாவு அரைத்துக்கொண்டிருந்த அக்கா, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, "யாருக்கு ஓய்வு?" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆய்வக முடிவு மாமாவின் போனுக்கு வந்தது. சால்மோனெல்லா எதுவும் இல்லை.

மாமா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "சுகன்யா! ஒண்ணுமே இல்லியாம்! சுத்தம்!" குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பாப்பாத்தியக்காவுக்கு டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். எனக்கும் ஒரு வடை வந்தது. தின்ன முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன். எண்ணெய் காகிதத்தில் பரவிக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சிரிப்பில்லாத குரல்.

"ஏம்மா, அண்ணாச்சிகிட்ட பேசினேன், நன்றி நன்றின்னு சொல்லி வெச்சுட்டாரு. எனக்கு மனசுக்குச் சரியாப் படல. பொல்லாதவன் இல்ல, சரி. நம்மாளும் இல்லியே! நாக்கு நீலமா இருந்துச்சு, நானே பாத்தேன். எங்க போனான்? வேற எதுவும் குடுத்தீங்களா?"

இந்தத் தடவை கேள்வி நேராக என்னிடம் வந்தது.

"மாமாவைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

"சீக்கிரம் கேளுங்க. பஸ்ஸு காலியா ஓடிட்டு இருக்கு. வெளியில இருந்து எவன் வேணாலும் ஏறலாம்."

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். பொடியைப் பற்றி இல்லை. "ஒண்ணுமே இல்லாததுதான் டாக்டருக்குக் கவலையாம் மாமா. மருந்துல இருந்த கிருமியாவது இருந்திருக்கணுமாம். மருந்தே உள்ள நிக்கலைன்னு அர்த்தமாம்."

மாமா தோசையைப் பிய்த்த கையோடு நிறுத்திவிட்டார். பிறகு, "அது எப்படி நிக்காமப் போகும்?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா இன்னொரு தோசை போட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

ஆகஸ்ட் 13, புதன்

குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. அக்கா, குழந்தை, மாமா, நான், நாலு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். தொடையில் ஊசி, அதற்கு முன் வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. குழந்தை நாக்கைச் சுழற்றிச் சுவை பார்த்தது.

அப்போது மாமா நர்ஸிடம் கேட்டார், மிகவும் தாழ்ந்த குரலில்: "ஏனுங் சிஸ்டர், இந்தச் சொட்டு குடுத்தன்னைக்கே வீட்டுல வேற மருந்து எதையாச்சும் குடுத்துட்டா, இது வேலை செய்யாதுங்களா?"

"ஏங்க, என்ன குடுத்தீங்க கொழந்தைக்கு?" நர்ஸ் நிமிர்ந்துவிட்டார்.

"ஐயோ, கொழந்தைக்கு ஒண்ணும் குடுக்கலீங். சும்மா கேட்டேன்."

நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் வாரச் சுவரொட்டியைப் படிப்பதுபோல் நின்றேன்.

திரும்பும்போது அக்காவையும் குழந்தையையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நான் மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். முகம் பார்க்காமல் பேசுவதற்கு மோட்டார் சைக்கிளை விட நல்ல இடம் இல்லை. புளியமரங்கள் தாண்டியதும் சொன்னேன். "மாமா, அந்தப் பொடி ஆன்டிபயாட்டிக். நான் பாக்கெட்டைப் பார்த்தேன். அதான் அந்தக் கிருமியைக் கொன்னிருக்கு."

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கேட்கவில்லையோ என்று மறுபடி தொடங்கினேன்.

"கேட்டுச்சு," என்றார்.

கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினார். "ராணிகெட் கழிச்சலுக்கு மருந்து போடறப்பல்லாம் கூடவே போடுவோம் புள்ள. ஒண்ணும் ஆனதில்ல. குஞ்சு எறங்குன மூணு நாளு அதப் போடாம நான் இருந்ததே இல்ல."

"அது வைரஸ் மாமா. இது பாக்டீரியா. அந்தப் பொடி பாக்டீரியாவைத்தான் கொல்லும்."

"டாக்டரு வேண்டாம்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. போன தடவ ரெண்டு கையாலயும் வாரி வாரிக் குழியில போட்டேன். சும்மா கையக் கட்டிட்டு நிக்கச் சொன்னா எப்படி நிக்கறது, சொல்லு."

டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன்.

"நீயே டாக்டர்கிட்டச் சொல்லிரு," என்றார்.

"நீங்க சொல்லுங்க மாமா."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டார். ஆனாலும் டாக்டரின் கத்தல் எனக்குக் கேட்டது. "அண்ணாச்சி, நான் ஐஸ் பெட்டியில பொத்திப் பொத்திக் கொண்டாந்தத நீங்க வெஷம் வெச்சுல்லா கொன்னுருக்கீங்க!" மாமா "ஆமாங்... ஆமாங்..." என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார், எதிரில் ஆள் நிற்பதைப் போல.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மருந்து கொடுக்கலாமாம். முன்பு கொடுத்த பொடி அதற்குள் உடம்பிலிருந்து இறங்கிவிடும். தாமதமான மருந்து எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். நடுவில் எதுவும் கொடுக்கக் கூடாது. எதுவும் என்றால் எதுவும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஷெட்டைத் திறந்தால் ஒரு மூலையில் குஞ்சுகள் குவியலாகச் செத்துக் கிடந்தன. ராத்திரி மழையில் கரன்ட் போய், சூடு தரும் பல்புகள் அணைந்திருக்கின்றன. குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சு முட்டிப் போயிருக்கின்றன. வாலடி எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு அது தெரிந்தது; மாமாவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் முகம் மாறிவிட்டது.

நேராக வீட்டுக்கு வந்து மருந்து அலமாரியைத் திறக்கப் போனார். பூட்டியிருந்தது.

"சாவி எங்க சுகன்யா?"

"எங்கிட்ட இருக்குது."

"குடு."

"எதுக்குங்?"

"குஞ்சு செத்துக் கெடக்குது, எதுக்குன்னு கேக்கறே?"

"குளுருல செத்துருக்குது. பல்பப் போடுங்க."

"ஒரே ஒரு வேளை. ஒரு காப்புக்கு."

அக்கா குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "குஞ்சு எறங்குன அன்னிக்கு ராத்திரி கொழந்தையத் தூக்க வந்தீங்களே, உங்க கையில அந்த மருந்து வாசம் அடிச்சுது. டாக்டரு வேண்டாம்னாரேன்னு நெனச்சேன். சொன்னா மனசு ஒடஞ்சுருவீங்கன்னு வாயப் பொத்திக்கிட்டேன். இன்னைக்குப் பொத்தமாட்டேன். வேணும்னா லாரிக்குப் போங்க, சாவி தரமாட்டேன்."

அவளும் அறிந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே விஷயத்தை, தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தோம்.

மாமா அலமாரியை விட்டு விலகினார். பிறகு ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையில் தண்ணீரை எடுத்துவிட்டுத் தாகப்படுத்தி, நீலத் தண்ணீர் வைத்தோம். இப்போது குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கத் தொடங்கியிருக்கிறது. முன்பு போல் கையில் நிற்பதில்லை. மாமா தானே நூறு குஞ்சையாவது பிடித்து வாயைத் திறந்திருப்பார்.

"போதுமுங், நாக்கு கழண்டு விழுந்துரும்," என்றாள் பாப்பாத்தியக்கா.

சாயங்காலம் தட்டு நிரப்பும்போது மாமா என்னைக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, இந்தத் தண்ணிய மோந்து பாரு." மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். "நாளைக்கும் பாரு," என்றார்.

ஆகஸ்ட் 18

பார்த்தேன். தண்ணீர்.

ஆகஸ்ட் 22

மறுபடி காலுறை நடை. இம்முறை மாமா நடந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூலையையும் விடாமல். டாக்டர், "அண்ணாச்சி, கோயில் பிரகாரம் சுத்துத மாதிரில்லா சுத்துதீங்க," என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டாக்டர் போன். மாமா ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"இருக்கான் அண்ணாச்சி!"

"ஐயோ," என்றார் மாமா.

"ஐயோ இல்ல! நம்மாளு இருக்கான்! பொல்லாதவன் இல்ல!"

"கிருமி இருக்குதுன்னா... நல்லதுங்களா?"

"இன்னைக்கு ஒரு நாளு நல்லது. வடை வாங்கிச் சாப்பிடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். எதைக் கேட்டுச் சந்தோஷப்படுவது, எதைக் கேட்டுப் பயப்படுவது என்று பழகாத முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அக்காதான் முதலில் சிரித்தாள்.

இதை வைத்து இப்போதே எதையும் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். இன்னும் இரண்டு தடவை இதே மருந்து உண்டு. எலி, ஈ, தீவனம், செருப்பு என்று எதில் வேண்டுமானாலும் அந்தக் கிருமி வரலாம். மருந்து ஒரு கதவைத்தான் சாத்தும்.

செப்டம்பர் 14

அப்பா போன். அக்காவுக்கு முதுகு வலி என்றேன். அக்கா அப்போது தீவன மூட்டையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.

செப்டம்பர் 26

இரண்டாம் மருந்து. இப்போது கோழிகள் அலகால் கையைக் கொத்துகின்றன. நாக்கைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. வெடிச் சத்தத்துக்குக் கோழிகள் மிரளும் என்று மாமா ஷெட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பழக்குகிறார். பக்கத்து ஷெட்டுக்காரர் கழிச்சல் மாதிரி ஏதோ வந்து கோழிகள் சாகின்றன என்று மருந்து கேட்டு வந்தார். மாமா அவரைப் படலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினார். செருப்போடு உள்ளே வந்துவிடக் கூடாதாம். அவருக்குக் கோபம், "பெரிய ஆஸ்பத்திரி நடத்தறயாக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் மாமா படலைத் திறக்கவில்லை.

நவம்பர் 24

மூன்றாவதும் கடைசியுமான மருந்து. குப்பியைக் கரைத்தது நான். டாக்டர் பக்கத்தில் நின்று வீட்டாரோடு போன் பேசிக்கொண்டிருந்தார்.

ரஷ்ய நாவலை நேற்று முடித்தேன். கடைசி இருநூறு பக்கங்களில் யாரும் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை. அதனால் கொஞ்சம் சலிப்பாக இருந்தது.

டிசம்பர் 18

முதல் முட்டை. சின்னது, ஓட்டில் ரத்தக் கீற்று. மாமா அதை யாரையும் தொட விடவில்லை.

ஜனவரி 5, திங்கள்

ஆலைக்காரர்கள் வந்து உறை மாட்டி நடந்தார்கள். எச்சம், தூசி, முட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். ராசிபுரம் லாரிக்காரர் சாயங்காலம் பேசினார். பொங்கலுக்கு அப்புறம் நாக்பூர் லோடு இருக்கிறதாம், முடிவாகச் சொல்லச் சொல்கிறார். மாமா ஒரு வாரம் கேட்டார்.

அக்கா மாமாவின் பழைய பயணப் பையை வெயிலில் போட்டு உதறினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அவளாகச் சொன்னாள்.

ஜனவரி 12, திங்கள்

முடிவு வந்தது. நோய் தரும் சால்மோனெல்லா எந்த மாதிரியிலும் இல்லை. ஆலை வண்டி நாளை மறுநாள் வருகிறது.

ஜனவரி 14, புதன்

போகி. காலையில் முட்டைகள் ஏறின. ராசிபுரம் லாரிக்காரர் வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார். மாமா வீட்டில்தான் இருக்கிறார்.